1800: தூக்குமரமும் குறிப்பேடும்

1800 ஜூன் 3 முஹர்ரம் பத்தாம் நாள். கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் அன்று சடங்குகளில் இருப்பார்கள், அந்த நேரத்தில் ஊரைப் பிடித்துவிடலாம் என்று பாளையக்காரர்களின் கூட்டணி கணக்குப் போட்டிருந்தது. திட்டம் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. கம்பெனி முந்திக்கொண்டது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமையிலிருந்து கொங்கு நாட்டுக்குள் இறங்கினார். என்ன விளைகிறது, எத்தனை மடங்கு காண்கிறது, பண்ணையாளுக்குக் கூலி என்ன, தறிக்கு வரி என்ன என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிக்கொண்டே போனார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. ஆனால் கொங்கு வரலாறு குறித்த எழுத்துகளில் இவை வேறு வேறு நாடுகளில் நடந்தவை போல நிற்கின்றன. கலகத்தை எழுதுவோர் பாளையக்காரர், கடிதப் போக்குவரத்து, படை நகர்வு என்று போகிறார்கள். வேளாண்மையையும் நெசவையும் ஆராய்வோர் புக்கானனின் பக்கங்களைச் சுரங்கம்போல் தோண்டுகிறார்கள். தூக்குமரம் நின்ற ஊரும் சோளக்காட்டுக் கணக்குச் சொன்ன ஊரும் ஒன்றுதான் என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலகத்தின் வரலாற்றுக்கு இன்றும் அடித்தளம் கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள், விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபாரின் கேரளவர்மா, மைசூரின் வடக்கே துந்தியா வாக் என்று தனித்தனியாகப் பேசப்பட்டவர்களை ஒரே வலைப்பின்னலாக அவர் காட்டினார். அந்த வலையின் நடு முடிச்சு கோயம்புத்தூர். பாலக்காட்டுக் கணவாயும் மைசூருக்கு ஏறும் கஜ்ஜல்ஹட்டி வழியும் திண்டுக்கல் சாலையும் சேரும் இடம் அது. அதைப் பிடித்தால் கம்பெனியின் மேற்குப் படைக்கும் கிழக்குப் படைக்கும் தொடர்பு அறும்.

துந்தியா வாக் இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. திப்புவின் சிறையில் கிடந்தவர் அவர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெளியே வந்து, சிதறிய மைசூர்க் குதிரைவீரர்களைத் திரட்டினார். அவருடைய குதிரைப்படை துணைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் கோவைத் தாக்குதல் திட்டமிடப்பட்டது. 1800 செப்டம்பர் 10 அன்று கோனகல்லில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை அவரைக் கொன்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இதே வெல்லெஸ்லி.

நெப்போலியனின் நிழல் கொங்கின் மேலும் விழுந்திருந்தது. கோவை முயற்சி தோற்ற பதினோராம் நாள், ஜூன் 14 அன்று, அவர் இத்தாலியின் மாரெங்கோவில் ஆஸ்திரியர்களைத் தோற்கடித்தார். அவர் விட்டுவந்த பிரெஞ்சுப் படை அப்போதும் எகிப்தில் இருந்தது. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லிக்கு, தென்னாட்டில் எங்கே துப்பாக்கி வெடித்தாலும் பின்னால் பிரெஞ்சுக்காரன் நிற்பதாகத் தோன்றிய காலம் அது. தண்டனை அத்தனை கடுமையாக இருந்ததற்கு அந்த அச்சத்தையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

அதே ரிச்சர்டு வெல்லெஸ்லிதான் 1800 பிப்ரவரியில் புக்கானனுக்குப் பயண ஆணை கொடுத்தார். புக்கானன் ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டார். அந்த ஆண்டு கம்பெனி நாட்டைப் பிடிப்பதோடு நிற்கவில்லை. பிடித்த நாட்டை அளக்கவும் தொடங்கியது. காலின் மெக்கன்சி மைசூர் நில அளவையைத் தொடங்கினார். வில்லியம் லாம்டன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெங்களூரில் தம் முதல் அடிக்கோட்டை அளந்தார். அவருடைய சங்கிலி 1806-இல் கோயம்புத்தூர்ப் பக்கமும் வந்தது. வாளையும் சங்கிலியையும் குறிப்பேட்டையும் ஏவியது ஒரே அதிகாரம்.

புக்கானனின் பயணநூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளியானது. கொங்குப் பகுதி பற்றிய அதன் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. கிணற்றில் காளைகளைப் பூட்டித் தோல்பறியால் நீர் இறைப்பதையும், கம்பும் சோளமும் விளையும் புஞ்சையையும், பேரூர்க் கோயிலையும் அவர் பார்த்து எழுதுகிறார். வலங்கை இடங்கைப் பிரிவையும் குறிக்கிறார். கோயம்புத்தூரில் அப்போது 2,000 வீடுகள், ஹைதர் காலத்தில் இருந்ததைவிட மிகக் குறைவு என்கிறார். இன்றைய மாநகரத்தில் நின்று அந்த எண்ணைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1768, 1783, 1790, 1791 என்று கம்பெனியும் மைசூரும் மாறி மாறிப் பிடித்த ஊர் அது. 1791-இல் மட்டும் இரண்டு முற்றுகைகள். நவம்பரில் கம்பெனியின் சிறு காவற்படை திப்புவின் தளபதியிடம் சரணடைந்தது. காலியான வீடுகளுக்குத் திப்புவை மட்டும் பொறுப்பாக்குவது கம்பெனிக்கு வசதியான விளக்கம். அதை அப்படியே எடுத்து எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பக்கங்களில் முக்கியமாகப் படுவது எண்களைவிட அந்த எண்கள் கிடைத்த விதம். புக்கானன் கலெக்டர்களின் ஏற்பாட்டில் பயணம் செய்தவர். வடக்குப் பகுதிக்கு மேஜர் மெக்லியோட், தெற்குப் பகுதிக்கு ஹர்டிஸ். மெக்லியோட், அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோவோடு சேலம் பாராமகாலில் வரிக் கணக்குப் பழகியவர். அப்படிப்பட்டவரின் ஆட்கள் அருகில் நிற்க, ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்து விளைச்சலையும் மாட்டின் எண்ணிக்கையையும் கேட்கிறார். ஜூன் மாதத்துத் தூக்கு இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. குடியானவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? விளைச்சலைக் குறைத்தும், பழைய ஆட்சியைப் பழித்தும், புதிய ஆட்சியில் நிம்மதி என்றும்தான் சொல்லியிருப்பார். அதனால் அந்த எண்கள் பயனற்றவை ஆகிவிடாது. அச்சம் சூழ்ந்த நாட்டில் பெற்ற வாக்குமூலமாக வைத்து அவற்றைப் படிக்க வேண்டும்.

புக்கானன் கொங்கில் சுற்றிக்கொண்டிருந்த அந்த அக்டோபரின் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் தாமஸ் பாபிங்டன் மெக்காலே பிறந்தார். 1834-இல் உதகமண்டலத்தில் தங்கி கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தவர், மறு ஆண்டே இந்தியக் கல்வி பற்றிய தம் குறிப்பை எழுதியவர். கொங்கின் வரலாற்றை அடுத்த தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதும் நிலை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

உள்ளூர் ஆய்வாளர்களின் உழைப்பு வேறு திசையில் ஓடியது. கோவைக்கிழார் இராமச்சந்திரன் செட்டியார் பழைய அரசர்களையும் கோயில்களையும் தேடிப் போனார். ஈரோட்டுப் புலவர் செ. இராசு கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஓலைகளையும் காணியாளர் குடும்பங்களிலிருந்து திரட்டியவர். 2023-இல் மறையும்வரை ஓயவில்லை. கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையைப் பற்றி நமக்குத் தெரிவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜய்யனின் நூல் வந்த மறு ஆண்டு, 1972-இல், பிரெண்டா பெக்கின் கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய ஆய்வு வந்தது. காங்கேயம் பக்கத்து ஊரில் தங்கி அவர் செய்த களப்பணி சாதி, உறவுமுறை, நாடு என்ற அமைப்பு ஆகியவற்றின் மேல் நின்றது. ஒருவர் கலகத்தைக் காட்டினார், ஒருவர் குலத்தையும் காணியையும் காட்டினார். கலகக்காரனுக்கும் குலம், காணி, கிணறு, கடன் எல்லாம் இருந்திருக்கும். அந்த மனிதனைத்தான் நாம் இன்னும் சந்திக்கவில்லை.

சின்னமலையின் புகழ் இந்த இடத்தில் நமக்கு உதவவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. 1756-இல் மேலப்பாளையத்தில் பிறந்து, ஓடாநிலையில் கோட்டை கட்டி, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அவருக்கு ஒவ்வோர் ஆடிப்பெருக்கன்றும் மரியாதை செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் 1800 ஜூனில் தூக்கில் தொங்கிய நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொங்கின் பொதுநினைவு கைவிட்டுவிட்டது. ஒரு வீரரின் வாழ்க்கை வரலாறாக 1800-ஆம் ஆண்டு சுருங்கும்போது, திண்டுக்கல் நாயக்கரும் ஓசூர்ப் பக்கத்து முஸ்லிம் தளபதியும் கொங்குக் கவுண்டரும் ஒரே திட்டத்தில் கைகோத்த செய்தி ஓரத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு அந்த ஆண்டின் பெரும் செய்தியே அதுதான்.

செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. கம்பெனியின் இராணுவக் கடிதங்களில் வரும் கலக ஊர்களையும் புக்கானன் தங்கிய ஊர்களையும் ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். சத்தியமங்கலம், தாராபுரம், ஈரோடு, கரூர் என்று அவர் போன வழியில் ஒவ்வோர் ஊருக்கும் அருகே கிடைத்த செப்பேட்டையும் காணி ஓலையையும் வைத்துப் பார்க்க வேண்டும். மெக்கன்சி திரட்டிய தமிழ்ச் சுவடிகளில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர் ஒருவர் புக்கானனின் இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொண்டு சத்தியமங்கலத்திலிருந்து தொடங்கலாம்.