பெரிக்கிளிஸா, கிளைஸ்தெனிஸா? உவாவிலிருந்து ஒரு தீர்ப்பு

பழைய கிரேக்கத்தைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஒரு வரிசை மனப்பாடம்: கி.மு. 490 மரதன் போர், 480 சலாமிஸ், பிறகு பெரிக்கிளிஸின் பொற்காலம், 399இல் சோக்கிரட்டீஸின் நஞ்சுக் கிண்ணம், கடைசியில் அலெக்சாந்தர். கி.மு. 451 அந்த வரிசையில் பெரும்பாலும் வருவதில்லை. இலங்கையின் உவா மாகாணத்தில், பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்த ஒருவருக்கு மரதனைவிட நெருக்கமான ஆண்டு அதுதான்.

அந்த ஆண்டில் பெரிக்கிளிஸ் முன்மொழிய, ஏதென்ஸின் மக்கள் சபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை தகப்பன் ஏதென்ஸ்காரனாக இருந்தாலே பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. இனித் தாயும் தகப்பனும் இருவருமே குடிமக்கள் வழி வந்தவர்களாக இருக்கவேண்டும் என்றது புதுச் சட்டம். சலாமிஸில் பாரசீகக் கப்பற்படையை முறியடித்த தெமிஸ்டோக்கிளிஸின் தாய் அந்நியப் பெண் என்பது மரபு. குடியாட்சிக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தெனிஸின் தாய் சிக்கியோன் நகரத்தவள். இந்தச் சட்டம் முந்தியே இருந்திருந்தால் இருவருமே சபைக்கு வெளியில் நின்றிருப்பார்கள்.

ஏன் இப்படி ஒரு சட்டம்? குடிமக்களின் தொகை மிகுந்துவிட்டது என்று ஒரே வரியில் காரணம் சொல்லி நகர்ந்துவிடுகிறது, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல். அந்தக் காலத்தை நேரில் கண்டு எழுதிய துசிடைடிஸ் சட்டத்தைக் குறிப்பிடவேயில்லை. பெரிக்கிளிஸின் இரங்கலுரையை அவ்வளவு விரிவாகத் தந்தவருக்கு இது சொல்லத்தக்கதாகத் தோன்றாதது வியப்புத்தான். என் வாசிப்பில் காரணம் பங்கீடு. நீதிமன்றத்தில் அமரும் சாதாரண குடிமகனுக்கு நாட்கூலி கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் பெரிக்கிளிஸ். நிலம் வாங்கும் உரிமையும் குடிமகனுக்கே. குடியுரிமைக்குக் காசுப் பெறுமதி ஏறியதும் உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கி.மு. 445இல் எகிப்திலிருந்து அன்பளிப்பாகத் தானியம் வந்தபோது பெயர்ப்பட்டியல் அலசப்பட்டு, ஏறக்குறைய 5,000 பேர் நீக்கப்பட்டார்கள். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்கிறார் புளூட்டாக். அவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். விற்ற கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் தானியத்தைப் பங்குபோடப் போன இடத்தில்தான் ஆளைச் சலித்தார்கள் என்பது கவனிக்கவேண்டிய விஷயம்.

பெரிக்கிளிஸுக்காகப் பேசுபவர்கள் முதலில் சொல்வது, அக்காலத்து உலகமே அப்படித்தான் இருந்தது என்பதை. இது செல்லாது. அதே ஊரில் அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததைப் பாருங்கள். கி.மு. 510இல் கொடுங்கோலர்கள் விரட்டப்பட்டதும், கலப்பு வழி வந்தவர்கள் என்று பலரின் பெயர்கள் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கிளைஸ்தெனிஸ், குடியிருக்கும் ஊர்ப்பிரிவுவாரியாக எல்லோரையும் புதிதாகப் பதிந்தார். அந்நியர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் அதில் சேர்ந்தார்கள். ஆளை இனி ஊர்ப்பிரிவின் பெயரால் அழைக்கவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். தகப்பன் பெயரைச் சொன்னால் புதிதாகச் சேர்ந்தவன் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. நீ எங்கே இருக்கிறாய் என்பது கிளைஸ்தெனிஸின் கேள்வி. நீ யாருக்குப் பிறந்தாய் என்பது பெரிக்கிளிஸின் கேள்வி.

இரண்டாவது வாதம் கனமானது. ஏழைக் குடிமகனுக்கு ஆட்சியில் உண்மையான பங்கைக் கொடுத்தவர் பெரிக்கிளிஸ்தான். மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பங்கைப் பெருக்கியதும் பங்காளிகளைக் குறைத்ததும் ஒரே கை. ஒன்றைச் சாதனை என்று எழுதி மற்றதை அடிக்குறிப்பில் தள்ளுவது நேர்மையான கணக்கல்ல. மூன்றாவது, அவரும் அந்தச் சட்டத்தால் வாடினார் என்ற அனுதாபம். கொள்ளைநோயில் முறைப்படி பிறந்த இரு மகன்களையும் பறிகொடுத்த அவர், மிலேட்டஸ்காரியான அஸ்பேசியா பெற்ற பிள்ளைக்கு விலக்குக் கேட்டுச் சபையிடம் மன்றாடினார். சபை இரங்கியது. சட்டம் எழுதியவர் வீட்டுக்கு வளைந்தது. பெயர் வெட்டப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வீடுகளுக்கு வளைந்ததாக எங்கும் பதிவில்லை.

வெளியில் நின்றவர்கள் சும்மா நிற்கவுமில்லை. ஏதென்ஸில் தங்கி வாழ்ந்த அந்நியர்கள் ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்டினார்கள். தமக்குப் பொறுப்பாக ஒரு குடிமகனைக் காட்டவேண்டியிருந்தது. கி.மு. 431இல் மெகாராமீது படையெடுத்தபோது 10,000 குடிமக்களோடு 3,000 அந்நியக் கவசவீரர்களும் போனார்கள் என்று துசிடைடிஸே எழுதுகிறார். போருக்கு வேண்டும், வரிக்கு வேண்டும், வாக்குக்கு வேண்டாம்.

இனி உவாவுக்கு வருவோம். 1931இல் டொனமூர் யாப்பில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளோடுதான் என்றாலும், தோட்ட மக்களில் பெருந்தொகையினருக்கு வாக்குக் கிடைத்தது. 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபை அமைத்தார்கள். அதோடு கலந்துபேசி நடக்கத் துரையே ஒப்புக்கொண்டார். லயத்து ஆட்களுக்கு அரசியல் தெரியாது என்றவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவனா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று அது கேட்டது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் கலியாணம் ஆனவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டவேண்டும். திருச்சிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. விடியற்காலை பெரட்டுக்கு நின்று, கொழுந்தெடுத்து, கைநாட்டு வைத்த ஒரு சீவியம், தாளில் இல்லாத மாதங்களைக் கொண்டு எடைபோடப்பட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பிரித்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பதுளையிலிருந்தும் மலைநாட்டின் மற்ற நிலையங்களிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக்கோச்சி என்று பெயர் வைத்தது நம் சனம்.

ஒப்பீடு எல்லா இடத்திலும் பொருந்தாது. ஏதென்ஸுக்கு வந்த அந்நியர் பலர் வணிகர், கைவினைஞர். ஊர் பிடிக்காவிட்டால் கப்பலேறலாம். நம் முன்னோர் கங்காணியின் கடனோடு வந்தார்கள். இன்னொரு வேறுபாடு ஏதென்ஸுக்குச் சாதகமானது: பெரிக்கிளிஸின் சட்டம், ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டிருந்த ஒரு சமூகத்தை மொத்தமாக வெளியேற்றுவதற்கென்று எழுதப்பட்டதல்ல. 1948இல் நடந்தது அதுதான். அந்த அளவில் கொழும்பு ஏதென்ஸைவிடக் கீழே இறங்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்ததையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன.

கிளைஸ்தெனிஸும் மகான் அல்லர். இசகோரஸோடு நடந்த அதிகாரப் போட்டியில் தனக்கு ஆள் சேர்க்கத்தான் பட்டியலை விரித்தார். பெண்களும் அடிமைகளும் அவர் கணக்கிலும் வெளியேதான். ஆனாலும் அரசியல் சுயநலம் ஒருவரைக் கதவைத் திறக்கவும் இன்னொருவரைச் சாத்தவும் வைக்கும்போது, திறந்தவருக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கட்டடங்களுக்கும் நாடகங்களுக்கும் பெரிக்கிளிஸ் காலம் பொற்காலமாகவே இருக்கட்டும். குடியாட்சியின் வரலாற்றில் அவர் இடம் கிளைஸ்தெனிஸுக்குக் கீழே. உவாவில் கிரேக்க வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் அடுத்த முறை கி.மு. 508, கி.மு. 451, 1948 மூன்றையும் ஒரே கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே பேசவிடவேண்டும்.