கூட்டணிகளின் பாதுகாப்பும் டியேகோ கார்சியாவின் மக்களும்

புளியங்குடி வட்டாரத் திருச்சபைகளில் ஞாயிறுதோறும் உலக சமாதானத்திற்காக மன்றாடுகிறோம். வல்லரசுகள் கூடி ஒப்பந்தம் செய்தால், அதனைச் சமாதானத்தின் அடையாளமாகவே கருதுகிறோம். அவ்வொப்பந்தம் யாருடைய பாதுகாப்பிற்காக, யாருடைய இழப்பில் செய்யப்பட்டது என்னும் வினாவை நம் மன்றாட்டுகள் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்ப நாம் ஐரோப்பாவை நோக்கவேண்டியதில்லை. குமரிமுனைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலிலுள்ள டியேகோ கார்சியா தீவே போதும்.

1965-இல் பிரிட்டன் தன் ஆட்சியிலிருந்த மொரீஷியசிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்தது. 1966-இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையால் டியேகோ கார்சியா படைத்தளத்திற்கு ஒதுக்கப்பட்டது. பொலாரிஸ் ஏவுகணைகளுக்காகப் பிரிட்டன் செலுத்தவேண்டியதில் 1 கோடியே 40 லட்சம் டாலர் மறைவாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. 1968 முதல் 1973 வரை தீவுமக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் இந்தியக் கூலிகளுக்கும் பிறந்த வழிமரபினர் அவர்கள். ஆயினும், அங்கு நிலையான குடிகளே இல்லையென்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

கூட்டணி யாவும் தீது என்பது என் கருத்தன்று. 1949-இல் நேட்டோ உருவானபோது ஐரோப்பிய மக்களின் அச்சம் மெய்யானதே. யூதாவின் அச்சமும் மெய்யானதே. அசீரியா அண்மையில் நின்றது. ஆயினும் எகிப்தின் குதிரைகளை நம்பியதை மட்டுமன்றி, பொய்யில் புகலிடம் தேடியதையும் ஏசாயா கண்டித்தார் (ஏசா. 28, 31). குடிகள் இல்லை என்ற பொய்யின்மேல் எழுப்பப்பட்ட பாதுகாப்பு இத்தகையதே.

இது முடிந்துபோன கதையன்று. 2021 அக்டோபரில் கனடா நோக்கிச் சென்ற இலங்கைத் தமிழ் அகதிகள், படகு பழுதுற்று அத்தீவை அடைந்தனர். அவர்களை முகாமில் அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் அப்பகுதியின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாகோசைப் பிரித்தது முறையன்று எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2019-இல் கருத்துரைத்திருந்தது. 2025 மே 22-இல் மொரீஷியசுக்கு இறையாண்மையை அளிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதிலும் டியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குப் படைத்தளமாக நீடிக்க வகைசெய்யப்பட்டது. தீவுமக்கள் அதில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை.

நம் நாடும் தன்னை ஆராய்தல் வேண்டும். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்கக் கோரிய 1971-ஆம் ஆண்டு ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2016-இல் அமெரிக்காவுடன் படைத்துறை வசதிகளைப் பகிரும் உடன்படிக்கை செய்தது. அந்நட்பு, 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணங்காட்டி இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா வரியை 50 விழுக்காடாக உயர்த்துவதைத் தடுக்கவில்லை. அச்சுமை திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரையும் தாக்கியது.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்திற்காகப் பிரசங்க பீடத்தில் இரங்குகிறோம். அத்தோட்டம் படைத்தளமாகும்போது மௌனம் சாதிக்கிறோம். இனி, ஆளுவோருக்காக மன்றாடும் நாவு, அவர்கள் ஒப்பந்தத்தில் இடம்பெறாத மக்களையும் பெயர்சொல்லி மன்றாடட்டும். அதுவரை நம் சமாதான மன்றாட்டு வலியோருடைய உறக்கத்திற்கான தாலாட்டேயாகும்.