தலைமுறை தாண்டும் ரிவால்வர்: தேர்வதும் ரசிப்பதும்

1935-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஆலை ஒரு புதிய ரிவால்வரை வெளியிட்டது. .357 மேக்னம் தோட்டாவுக்கென்றே உருவான முதல் துப்பாக்கி அது. குழலின் நீளம், குறிமுள்ளின் வகை, பிடியின் வடிவம் எல்லாவற்றையும் வாங்குபவரே எழுதிக் கொடுப்பார். அதன்படி ஆலையில் ஒன்றைச் செய்து, பதிவு எண் பொறித்து அனுப்புவார்கள். பதிவு செய்துகொண்டவருக்குச் சான்றிதழும் வரும். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. பெருமந்தத்தில் நாடே தவித்த அந்த நாளில் விலை 60 டாலர். ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் சுமார் 5,500 துப்பாக்கிகள்தான் செய்யப்பட்டன. நன்றாகக் காக்கப்பட்ட ஒன்றை இன்று கையில் எடுத்தாலும் அதன் சிலிண்டர் பிசகாமல் சுழலும், விசை வழுக்கிக்கொண்டு பின்வரும்.

அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவின் ரிவால்வர் பேரனுக்கோ பேத்திக்கோ போய்ச் சேருகிறது. அந்த மரபில் சேரத் தகுந்த துப்பாக்கி எது? பொன் பதித்ததும் விலை உயர்ந்ததும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செய்நேர்த்தி இருக்க வேண்டும், பிறர் கை வைத்துக் கெடுக்காததாக இருக்க வேண்டும், பயன்படுத்தத் தெரிந்தவர் கையிலிருந்து வர வேண்டும். இந்த மூன்றும் அமைந்த எளிய ரிவால்வர், அலங்காரப் பெட்டியில் உறங்கும் ஒன்றைவிட மேலானது. அப்படி ஒன்றைக் கண்டுகொள்ளக் கண்ணையும் காதையும் விரலையும் பழக்க வேண்டும்.

எடுத்தவுடன் செய்ய வேண்டியது

எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருதுங்கள். கொடுப்பவர் ‘காலி’ என்று சொன்னாலும் குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, விசையில் விரல் படாமல், சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள். விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிஸ்டல் என்றால் முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, பிறகு மேல்தகட்டை இழுத்து அறையைப் பாருங்கள். வெறும் விசையை இழுத்துப் பார்க்க உரிமையாளரின் அனுமதியைக் கேளுங்கள். படங்களில் வருவதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துபோகும். அப்படி மூடுபவரிடம் விவரமறிந்த சேகரிப்பாளர் தன் துப்பாக்கியை மறுபடி நீட்டமாட்டார்.

மெருகைப் படிக்கும் கண்

பழைய ரிவால்வரின் கருநீல நிறம் மேலே பூசிய சாயம் கிடையாது. எஃகின் மேற்பரப்பே இரும்பு ஆக்சைடாக மாறி உண்டாகும் மெல்லிய தோல். காரமான உப்புக் கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைத்து, அதில் பாகங்களை முக்கியெடுக்கும் முறையே பரவலானது. இந்தத் தோல் மிக மெல்லியது என்பதால் அடியில் உள்ள எஃகை எப்படித் தேய்த்திருக்கிறார்களோ அப்படியே வெளியே காட்டிவிடும். கரைசலில் முக்குவது சிறிது நேர வேலை. அதற்கு முன்பு, மேன்மேலும் நுண்மையான தேய்ப்புச் சக்கரங்களில் எஃகைக் காட்டி மெருகேற்றும் தொழிலாளியின் கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 27-ஐயும் மாடல் 28-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெஜிஸ்டர்டு மேக்னத்தின் வழித்தோன்றலான ரிவால்வருக்கு 1957-இல் கிடைத்த எண்ணே 27. அதன் மேல்பட்டையில் கண் கூசாமலிருக்க நுண்ணிய குறுக்குக் கோடுகள் செதுக்கியிருக்கும். பக்கங்களில் முகம் தெரியும். 1954-இல் ‘ஹைவே பேட்ரோல்மேன்’ என்ற பெயரில் போலீஸாருக்காக வந்த 28-இல் உள்ளேயிருக்கும் இயக்கம் அதேதான். மெருகையும் கோடுகளையும் குறைத்து விலையை இறக்கினார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கூடுதல் காசுக்கு என்ன கிடைத்தது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். உழைப்பிலோ ஆயுளிலோ 28 குறைந்ததில்லை என்பதும் புரியும்.

மெருகின் உச்சத்தைக் காண வேண்டுமானால் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் பிறந்த கோல்ட் பைத்தானைப் பாருங்கள். 1955-இல் வெளிவந்த இந்த ரிவால்வரின் ‘ராயல் ப்ளூ’ மெருகு, கோல்ட் ஆலையின் தேர்ந்த கைகளின் சாதனை. ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். குழலின் பக்கவாட்டில் விழும் ஒளிக்கோடு நடுங்காமல் நேராக ஓட வேண்டும். தட்டையான பரப்பு விளிம்புவரை தட்டையாகவே இருக்க வேண்டும். விளிம்புகள் கூர்மையாக நிற்க வேண்டும்.

பின்னாளில் யாரோ மறுமெருகேற்றிய துப்பாக்கியையும் இந்தப் பார்வையே காட்டிக்கொடுக்கும். அங்கே விளிம்புகள் மழுங்கியிருக்கும். திருகாணித் துளையைச் சுற்றிக் குழிந்திருக்கும். ஆலையின் பெயரெழுத்துகள் ஆழம் குறைந்து மங்கியிருக்கும். ஸ்மித் அண்ட் வெஸனின் சுத்தியும் விசையும் தணலில் கடினமாக்கப்பட்டு, பழுப்பும் நீலமும் கலந்த மேகப் புள்ளிகளோடு வரும். அவையும் கருநீலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆலையே மறுவேலை செய்ததென்றால் பிடிச்சட்டத்தில் ஒரு சிறு நட்சத்திர முத்திரை இருக்கலாம். அது குறையில்லை, ஆனால் விற்பவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

காதுக்கும் விரலுக்கும்

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் சுத்தியைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னிழுத்தால் நான்கு சொடுக்கொலிகள் வரிசையாகக் கேட்கும். கோல்ட் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை அது உச்சரிக்கிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். நான்கும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டால் உள்ளே பற்களும் வில்களும் தேயாமல் இருக்கின்றன என்று நம்பலாம். ஒன்று மழுங்கிக் கேட்டாலோ விடுபட்டாலோ உள்ளே பழுது இருக்கிறது.

விசையை இழுப்பதிலும் ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு குணம் உண்டு. சுத்தியை ஏற்றாமல் விசையை மட்டும் இழுத்தால், பைத்தானின் பழைய இயக்கத்தில் இழுக்க இழுக்க எடை கூடும். கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து விடுவிக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸனில் எடை முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வரும். நிறுத்தாமல் இழுத்துச் சுடுபவர்கள் அதையே விரும்புவார்கள். எது உயர்ந்தது என்ற வாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. மீட்டிப் பார்க்காமல் வீணை வாங்குவதில்லை. இங்கும் உங்கள் விரல் சொல்வதையே கேளுங்கள்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

காலியான துப்பாக்கியில், உரிமையாளரின் அனுமதியோடு, இவற்றைப் பாருங்கள்.

1. சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி சுத்தியை மெதுவாக ஏற்றுங்கள். சுத்தி முழுதாக ஏறி நிற்கும்போது சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிந்தினால் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது. ஆறு அறைகளையும் தனித்தனியே சோதியுங்கள். பழைய பைத்தான்கள் அதிகம் சுடப்பட்டால் இந்த ஒழுங்கு முதலில் தளரும்.

2. மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். உணரும்படி ஆடினால் தேய்மானம் மிகுதி. சுத்தியை விடுவித்து விசையைப் பிடித்திருக்கும்போது பக்கவாட்டு ஆட்டத்தையும் கவனியுங்கள். பழைய கோல்ட் இந்த நிலையில் ஆணியடித்ததுபோல் நிற்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸனில் இம்மியளவு ஆட்டம் இயல்பு.

3. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

4. குழலின் உள்ளே வெளிச்சம் காட்டிப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் கூர்மையாகவும் சுவர் குழிப்புள்ளி இல்லாமலும் இருக்க வேண்டும். குழலின் வாய் விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால்கூடக் குறி தவறும்.

5. குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 போன்ற நடுத்தரச் சட்டத்து ரிவால்வர்களில், இலேசான குண்டுள்ள வேகத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டவர்களுக்கு அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது.

6. திருகாணித் தலைகளைப் பாருங்கள். பொருந்தாத திருப்புளியால் சிதைத்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போயிருக்கிறது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள்.

7. பழைய மரப்பிடிகள் பலவற்றின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண்ணே எழுதியிருக்கும். எண் ஒத்துப்போனால் பிடியும் துப்பாக்கியும் பிறந்ததிலிருந்து ஒன்றாகவே இருக்கின்றன.

பிஸ்டலை விரும்புபவர்களுக்கு

யூட்டா மாநிலத்து ஆக்டனில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா வரும்வரை அதுவே ராணுவத்தின் பிஸ்டல். அதன் விசை வளைந்து இழுபடாமல் நேராகப் பின்னோக்கிச் செல்லும். அந்த நேர் அசைவே அதை ரசிப்பவர்களைக் கட்டிப்போடுகிறது. மேல்தகடும் சட்டமும் பொருந்தும் விதத்தைக் கவனியுங்கள். ராணுவத்துக்குச் செய்தவை சேற்றிலும் மணலிலும் இயங்கக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். அது குறையல்ல, நோக்கம். எதிர்முனையில் நிற்பது சுவிட்சர்லாந்து 1949-இல் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்ட சிக் பி210. அதில் மேல்தகடு சட்டத்தின் தண்டவாளங்களுக்கு உள்ளே ஓடுகிறது. இழுத்துப் பார்த்தால் எங்கும் உரசாது, எங்கும் ஆடாது. இயந்திர வேலையின் நுட்பத்தை அந்த ஒரு இழுப்பு சொல்லிவிடும்.

தேய்மானத்தை மதியுங்கள்

உறையில் வைத்துச் சுமந்ததால் குழலின் முனையில் வெளுத்த எஃகு, உள்ளங்கை பட்டுப்பட்டுக் கருத்த வால்நட் பிடி, சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு இவையெல்லாம் அந்தத் துப்பாக்கி வாழ்ந்த வாழ்க்கை. இவற்றை அழிக்க மறுமெருகு போடாதீர்கள். போட்டால் சந்தை விலை விழும். அதைவிட, திரும்பப் பெற முடியாத ஒன்று போய்விடும். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவும் ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளையும் எண்ணைக் கொடுத்தால், ஆலையிலிருந்து அது எந்தத் தேதியில், யாருக்கு, எந்த வடிவில் சென்றது என்று ஆவணங்களில் உள்ளதைக் கடிதமாகத் தருகின்றன. கட்டணம் உண்டு. குடும்பச் சொத்தாகப் போகும் துப்பாக்கிக்கு அந்தக் கடிதம் கண்டிப்பாக வேண்டும்.

வாங்கியபின் சுடாமல் பூட்டிவைக்காதீர்கள். .357 மேக்னம் ரிவால்வரில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாக்களையும் சுடலாம். எஃகுக்கும் கைக்கும் இதம். முடிந்ததும் அறைகளில் படியும் கரிவளையத்தைத் துடைத்துவிடுங்கள்.

காப்பது

தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவது பலர் செய்யும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகின்மேல் பிடித்து வைக்கும். பதனிட்ட ரசாயனமும் அரிக்கும். கைரேகையில் உள்ள உப்பும் மெருகைத் தின்னும். எனவே தொட்டபின் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள். நீண்ட காலம் வைக்க, அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகு நல்லது. நிக்கல் பூசிய துப்பாக்கியில் செம்பைக் கரைக்கும் துப்புரவுத் திரவத்தை ஊறவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால் நிக்கல் உரிந்துவிடும். இருப்பிடம் எப்போதும் பூட்டிய எஃகுப் பெட்டிதான். தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள்.

கொடுப்பது

துப்பாக்கியோடு ஒரு கோப்பும் போக வேண்டும். வாங்கிய ரசீது, ஆலைக் கடிதம், பழுதுபார்த்த விவரம், புகைப்படங்கள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம். இவை இல்லையென்றால் மூன்றாம் தலைமுறைக்கு அது வெறும் இரும்பு.

சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வசிப்பவர் வேறு மாநிலத்தில் வசிப்பவருக்குக் கைத்துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கொடுக்க வேண்டும். உயிலாலும் வாரிசுரிமையாலும் சேர்வதற்கு விலக்கு உண்டு. ஆனால் பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். மாநிலங்களின் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அங்கே எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள், சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. இந்தியாவில் பரம்பரையாக வந்ததற்கும் வாரிசின் பெயரில் உரிமம் தேவை. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே உச்சவரம்பு.

வைத்திருக்க முடியாதவர்களுக்கும் ரசிக்க வழி இருக்கிறது. வயோமிங்கில் உள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகம், சாமுவேல் கோல்டின் மனைவி எலிசபெத் தன் சேகரிப்பை விட்டுச் சென்ற ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிடனின் ஆயுதக் கூடம் ஆகிய இடங்களில் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று மேலே சொன்ன ஒளிக்கோட்டையும் விளிம்பையும் நிதானமாகப் படிக்கலாம்.

ஒன்றே ஒன்று வாங்குவதானால், 1960-களில் செய்த, யாரும் கை வைக்காத மாடல் 27-ஐத் தேடுங்கள். பணம் போதாவிட்டால் மாடல் 28 போதும். கொடுக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல், பெறப்போகும் பிள்ளையை உரிய வயதில் சுடுகளத்துக்கு அழைத்துப்போய் முதலில் பாதுகாப்பு விதிகளைக் கற்றுக்கொடுங்கள். காலியா என்று தானாகப் பார்க்கும் பழக்கம் அந்தக் கைக்கு வராதவரை துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.