பருவம் கடந்த பூந்தொகுதி: செவரின் ரோசனின் மலர், கனி ஓவியங்கள்

முன்னுரை

மலர், கனி, கலம் முதலியவற்றை மட்டுமே கருவாகக் கொண்ட ஓவியவகை 'அசையாப்பொருள் ஓவியம்' எனப்படும். செருமனியில் பிறந்து 1848-இல் நியூயார்க்கில் குடியேறிய செவரின் ரோசன் இவ்வகையில் நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தீட்டியவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திலுள்ள 'அசையாப்பொருள்: மலர்களும் கனிகளும்' (1850–55) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இத்தகைய ஓவியங்களை அமெரிக்க மண்வளத்தின் கொண்டாட்டமாகக் காண்பது பெருவழக்கு. அவ்வளம் மண்ணின் விளைச்சலா, ஓவியக்கூடத்தின் விளைச்சலா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பருவ முரண்

ரோசனின் பூந்தொகுதிகளில் டியூலிப்பும் ரோஜாவும் திராட்சைக் குலையும் அருகருகே அமைகின்றன. டியூலிப் இளவேனிலில் பூப்பது. ரோஜா கோடைத் தொடக்கத்தில் செழிப்பது. திராட்சை இலையுதிர் காலத்தை ஒட்டிப் பழுப்பது. இம்மூன்றும் ஒரே நாளில் ஒரு தோட்டத்திலிருந்து பறிக்கப்பட்டிருக்க இயலாது. ஆயினும் இதழ்களில் பனித்துளிகள் நிற்கின்றன. பனித்துளி ஒரு காலைப்பொழுதின் அடையாளம். அது 'இப்பொழுது பறித்தது' என உறுதி கூற, பூந்தொகுதி அவ்வுறுதியை மறுக்கிறது.

இம்முரண் டச்சு மலரோவிய மரபின் கொடை. ஆனால் அம்மரபில் அது உருவான வழி வேறு. ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யான் வான் ஹைசம், மஞ்சள் ரோஜா பூக்காமையால் ஓர் ஓவியம் முடிவுறாது நிற்பதாக 1742-இல் கடிதம் எழுதினார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள அவருடைய மலரோவியம் 1736, 1737 என ஈராண்டுகளைத் தாங்கியுள்ளது. அவரிடம் பருவக் கலப்பு காத்திருப்பின் பயன்.

மீள்வரவும் சந்தையும்

ரோசனிடம் காத்திருப்பு இல்லை. முட்டைகளுடன் கூடிய பறவைக்கூடு, குறிப்பிட்ட திராட்சைக் குலை, குறிப்பிட்ட மலர் ஆகியன பல ஓவியங்களில் ஏறத்தாழ மாற்றமின்றி மீண்டும் வருகின்றன. அவர் மாதிரி வரைவுகளைக் கையாண்டிருக்கலாம் எனக் கருத இது இடந்தருகிறது. ஒருமுறை கண்டு வரைந்த மலர் அதன்பின் எப்பருவத்திலும் கிடைக்கும்.

இம்முறையைச் சந்தையிலிருந்து பிரித்துக் காண இயலாது. ஓவியங்களை வாங்கி உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறையில் வழங்கிய அமெரிக்கக் கலைச் சங்கம் அவருடைய படைப்புகளையும் வாங்கியது. பின்னாளில் அவர் வாழ்ந்த பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட், மரத்தொழிலால் செல்வம் திரட்டிய நகரம். காடுகளை வெட்டிப் பொருளீட்டிய ஊரின் சுவர்களில் என்றும் குறையாத கனித்தட்டு தொங்கியது. அங்குக் காணப்படும் வளத்தை இயற்கையின் வளமெனக் கொள்வதைவிட, வாங்குவோர் தம் இல்லத்தில் நிலைநிறுத்த விரும்பிய வளமெனக் கொள்வது பொருந்தும்.

மீள்வரவைக் கற்பனை வறுமையெனத் தள்ளுவதும் முறையன்று. உறுப்புகள் பழையனவாயினும் அவற்றின் அடுக்கும் இடையொழுங்கும் பல ஓவியங்களில் புதியன. ரோசன் தம் கையொப்பத்தைச் சிலவிடங்களில் திராட்சைக் கொடியின் சுருளாகவே வரைந்துள்ளார். மீண்டும் மீண்டும் வரும் ஓர் உறுப்பிலேயே பெயரைப் பொறித்தமை, மீள்வரவை அவர் மறைக்க வேண்டிய குறையாகக் கருதவில்லை என எண்ணத் தூண்டுகிறது.

முடிவுரை

ரோசனின் ஓவியங்களுள் ஆண்டு குறித்தவை மிகச் சில. உறுப்புகள் மாறாமல் வருவதால் அவற்றை மட்டும் கொண்டு காலவரிசை வகுப்பது நம்பத்தக்கதன்று. எனவே 'ரோசன் எம்மலரைக் கண்டார்' என்னும் வினாவினும் 'இருந்த மலர்களை எவ்வாறு அடுக்கினார்' என்னும் வினாவே ஆய்வுக்குப் பயன்தரும்.