இரவல் வாங்கும் நூலகங்கள்

பொது நூலகங்கள் கணனிமயமாவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வசதியைப் பற்றியே எழுதுகிறார்கள். வசதி உண்மைதான். நள்ளிரவில் கோப்பை கழுவி முடித்து அறைக்குத் திரும்பும் என்போன்றோருக்கு, அந்நேரம் திறந்திருக்கும் நூலகம் கைத்தொலைபேசியில் மட்டுமே உண்டு. ஆனால் அங்குள்ள நூல்கள் யாருக்குச் சொந்தம் என்று நாம் கேட்பதில்லை.

அச்சுநூலை விலைகொடுத்து வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. அட்டை கிழியும்வரை கொடுக்கலாம். கிழிந்தால் ஒட்டியும் கொடுக்கலாம். பெரும் பதிப்பகங்களின் மின்னூல்களோ பெரும்பாலும் நூலகங்களுக்கு விற்கப்படுவதில்லை. வாசிக்கக் கொடுக்கும் அனுமதி மட்டுமே வாடகைக்கு விடப்படுகிறது. 2011இல் ஹார்ப்பர்கொலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூலை 26 தடவைகள் மட்டுமே இரவல் கொடுக்கலாம் என்று விதித்தது. தடவைக்கு இரண்டு கிழமை என்று கணக்கிட்டால் சரியாக ஒரு வருடம். பிறகு மறுபடியும் பணம் கட்டவேண்டும். இரவல் கொடுக்கவென்று தோன்றிய நிறுவனம் தானே இரவல் வாங்கி நிற்கிறது.

2019 நவம்பரில் மக்மில்லன் இன்னும் ஒருபடி மேலே போனது. புதிய மின்னூல் வெளிவந்து முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரேயொரு பிரதிதான் என்றது, அது எத்தனை பெரிய நகரமானாலும். நூலகங்கள் பல வாங்க மறுத்தன. 2020 மார்ச்சில் அவ்விதி கைவிடப்பட்டது. எதிர்த்தால் பலன் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டிவிடுவதும் தவறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து, எவரும் இலவசமாக வாசிக்க இணையத்தில் வைத்து வருகிறது. அதே கணனி, அதே திரை. ஆனால் இங்கு 27ஆவது வாசகருக்கும் இடமுண்டு. இது சாத்தியமானது எப்படி? யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியில், அவருக்கே சொந்தமாய் ஒரு பிரதி எஞ்சியிருந்ததால்தான். வாடகை மின்னூலுக்குத் தவணை முடிந்தால் நூலகத்தின் கையில் எதுவுமே எஞ்சாது.

ஆகவே நாம் வாழும் நகரத்து நூலகம் இத்தனை ஆயிரம் மின்னூல்கள் சேர்த்திருப்பதாக அறிவிக்கும்போது, எத்தனை வருடத்துக்கு என்று கேட்போம். அகதிக்கு என்ன உரிமை என்று யாரும் திருப்பிக் கேட்கலாம். எங்கள் சம்பளத்திலும் மாதாமாதம் வரி வெட்டப்படுகிறது.