மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ஓர் ஆட்டம்

"படத்தைப் பற்றி எழுது" என்றால், "இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள்" என்று எழுதிட்டுப் பேனாவை மூடிடுவோம், இல்லையா? ஜெர்மானிய ஓவியர் எமில் நோல்டே 1912-இல் தீட்டிய 'மெழுகுவர்த்தி நடனப் பெண்கள்' ஓவியத்துக்கு அது போதாது.

தஞ்சோங் மாலிம் பள்ளி விழாக்களில் 'தாரியான் லிலின்' பார்த்திருப்பீர்கள். கையிலுள்ள தட்டில் சுடர். அது அணையாமல் ஆடுவதே திறமை. நோல்டேயிடம் மெழுகுவர்த்திகள் தரையில் எரிகின்றன. தீயோ ஆடுபவர்கள் மேல் ஏறிவிட்டது. பின்னணியே சிவப்பும் மஞ்சளுமாகக் கொதிக்கிறது.

"சாமி வந்த மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. வெளிப்பாட்டியம் அதுதான்: கண்ட காட்சியை அல்ல, உள்ளே எழும் உணர்ச்சியை வரைவது.

குறையும் உண்டு. வெறி தெரிகிறது, ஆடுபவள் யாரென்று தெரியவில்லை. மறுக்கிறீர்களா? வண்ணத்தையும் கோட்டையும் சான்றாகக் காட்டி மறுத்து எழுதுங்கள்.