தாம்பூலப் பை
திருமணத்திற்கு வந்தோரை வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்னும் தமிழ் வழக்கத்தையொட்டிய தாம்பூலப் பை, வெற்றிலையும் பாக்கும் சேர்ந்த தாம்பூலத்தோடு ஒரு தேங்காயையும் தாங்கி, மணமக்களின் பெயரும் மணநாளும் அச்சிடப்பட்ட மஞ்சள் துணிப்பையாகப் பல தலைமுறையினருக்கு அறிமுகமானது. அதன் அழகு பயனில் அடங்கியுள்ளது. தேங்காய் மறுநாளே சட்னியாகவோ குழம்பாகவோ மாறிவிட, பையோ காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் நெடுநாள் உடன் செல்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை விதித்த தமிழ்நாடு அரசு, துணிப்பையை மீண்டும் புழக்கத்திற்குக் கொணர 2021 டிசம்பரில் தொடங்கிய இயக்கத்திற்கு ‘மீண்டும் மஞ்சப்பை’ எனப் பெயரிட்டதும் இப்பயனுக்குக் கிடைத்த மதிப்பே ஆகும். தேங்காய்க்குப் பதிலாக விதைப் பொட்டலமோ மரக்கன்றோ தருவோரும் உளர். எனினும் நடுவதற்கு மண்ணில்லாத அடுக்குமாடி வீட்டாருக்குக் கன்று சுமையாகுமாதலால், பெறுபவரின் வீட்டை எண்ணிக் கொடுப்பதே நல்ல தாம்பூலத்தின் இலக்கணம்.